பகைவரிடத்து மைத்திரி



நாம் நாடோறும் மாலையில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடித்தபின் கண்களை மூடி மைத்திரி பாவனை செய்கிறோம். முதலில் நமக்கும், பின்னர்ப் பெற்றோர்க்கும், ஆசிரியர்க்கும், உற்றார் உறவினர்க்கும், அயலார்க்கும் நலம் வேண்டி, ஈற்றில் பகைவர்க்கும் நலம் வேண்டி முடிக்கிறோம். முதற்பகுதிகளை ஓதும்போது அனைவர் குரலும் நிதானமாக வருகின்றது. கடைசிப் பகுதி வந்தவுடன் பலருடைய குரல் விரைந்து ஓடுவதை நாம் பல கூட்டங்களிற் கவனித்திருக்கிறோம். மிதிவண்டியிற் செல்பவர் நாய் படுத்திருக்கும் தெருமுனையை எவ்வாறு கடப்பாரோ, அவ்வாறு கடந்துவிடுகிறார்கள்.

இதில் வியப்பொன்றும் இல்லை. தாய்க்கு நன்மை வேண்டுதல் எளிது. தாயே அதனைக் கற்பித்துவிட்டாள். நம்மைத் தெருவோரத்தில் தள்ளி நிறுத்தியவனுக்கு, நம் குடிசைக்குத் தீயிட்டவனுக்கு, நம் பெண்மக்களை இழித்துப் பேசியவனுக்கு நன்மை வேண்டுதலை யார் கற்பிப்பார்? பகவான் புத்தர் கற்பித்தார் என்று உடனே விடை சொல்லிவிடலாம். ஆனால் அவர் எதனைக் கற்பித்தார், எதனைக் கற்பிக்கவில்லை என்று தெளிந்துகொள்ளாமல் அதனை ஓதுவதால் பயன் குறைவு. சில வேளைகளில் தீங்கும் உண்டு.

தீங்கு யாதெனின், நம் முன்னோர்க்கும் பொறுமை போதிக்கப்பட்டது. முற்பிறப்பின் வினை, ஆகவே பொறுத்துக்கொள் என்றார்கள். பெரியவர்கள் அடித்தால் அதுவும் நன்மைக்கே என்றார்கள். கைகட்டி நின்றவனை நல்லவன் என்று புகழ்ந்தார்கள். நிமிர்ந்து நின்றவனைத் திமிர் பிடித்தவன் என்று இகழ்ந்தார்கள். அந்தப் போதனையை உதறிவிட்டு வந்தவர்கள் நாம். பண்டித அயோத்திதாசர் 1898ஆம் ஆண்டில் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பியதும், பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு தம்மம் தழுவியதும் கைகட்டி நிற்பதற்காக அல்ல. அங்ஙனமிருக்க, விகாரையில் வந்து அமர்ந்த பின்னரும் பகைவனை நேசி என்ற குரல் கேட்டால், பழைய பாட்டே புதிய மெட்டில் வருகிறதோ என்று ஐயுறுவது இயல்பே.

அண்மையில் ஒரு பௌர்ணமிக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் எழுந்து இதனை வெளிப்படையாகவே கேட்டார். அவருடைய தந்தையை ஊரிற் பாதைத் தகராறு ஒன்றில் ஒருவன் பலர் முன்னிலையில் அடித்துக் கீழே தள்ளியிருக்கிறான். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. “ஐயா, பகலில் அவன்மேல் சாட்சி சொல்லிவிட்டு, மாலையில் அவன் நலமாக இருக்கட்டும் என்று நான் எப்படிச் சொல்வேன்? இரண்டில் ஒன்று பொய்யாகத்தானே இருக்க வேண்டும்?” என்றார். பெரியவர்கள் சிலர், தம்பி, உட்காருங்கள் என்று அவரை அமர்த்த முயன்றனர். நாம் அவ்வாறு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். காலாமர்களிடம், கேள்விப்பட்டது என்பதற்காகவே எதனையும் ஏற்க வேண்டியதில்லை என்று அறிவுறுத்திய ஆசானின் சபையில் இத்தகைய வினாவிற்கு முதலிடம் தரவேண்டும். அன்று நாம் சொன்னவற்றையும், பின்னர் எண்ணிப் பார்த்தவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

முதலில் ஒரு கதை. இது விநயபிடகத்து மகாவக்கத்தில் உள்ளது.

காசி நாட்டை பிரமதத்தன் என்பவன் ஆண்டான். அவனிடம் படையும் பொருளும் மிகுதி. கோசல நாட்டை ஆண்ட தீகீதி சிறிய அரசன். பிரமதத்தன் படையெடுத்து வந்தபோது, எதிர்த்து நின்றால் அழிவே என்று கண்ட தீகீதி தன் மனைவியுடன் இரவோடிரவாக வெளியேறினான். நாடு, படை, களஞ்சியம் யாவும் பிரமதத்தன் கைப்பட்டன. இழந்தவர்கள் எங்கே சென்றார்கள் தெரியுமா? பகைவனின் தலைநகராகிய வாரணாசிக்கே சென்று, ஊர்ப்புறத்தில் ஒரு குயவர் வீட்டில் பரிவிராசக வேடத்தில் மறைந்து வாழ்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். தீகாவு என்று பெயரிட்டார்கள். மூவரும் ஓரிடத்தில் இருப்பது ஆபத்து என்று கருதி, மகன் வளர்ந்ததும் அவனை நகருக்கு வெளியே அனுப்பிக் கலைகள் பயிலச் செய்தார்கள்.

முன்னாளில் தீகீதியிடம் ஊழியம் செய்த நாவிதன் ஒருவன் அவனைக் கண்டு பிரமதத்தனிடம் காட்டிக்கொடுத்தான். அரசனையும் அரசியையும் கயிற்றால் இறுகப் பிணித்து, தலையை மழித்து, பறையறைந்து தெருத் தெருவாக இழுத்துச் சென்றார்கள். பெற்றோரைப் பார்க்க வந்த தீகாவு அந்தக் காட்சியைக் கண்டான். கூட்டத்தினூடே நெருங்கினான். மகனைக் கண்ட தந்தை, நெடியதைப் பாராதே, குறியதையும் பாராதே என்றும், பகையைப் பகையால் அடக்க ஒண்ணாது, பகையின்மையாலேயே அது அடங்கும் என்றும் பொருள்படக் கூறினான். காவலர்க்கு ஒன்றும் விளங்கவில்லை. கிழவன் பிதற்றுகிறான் என்று எண்ணிக்கொண்டார்கள். தெற்கு வாயிலுக்கு வெளியே இருவரையும் வெட்டி, துண்டங்களை நான்கு திசையிலும் இட்டுக் காவல் வைத்தார்கள்.

தீகாவு என்ன செய்தான்? நகருக்குள் சென்று கள் வாங்கி வந்து காவலர்க்குக் கொடுத்தான். அவர்கள் மயங்கி வீழ்ந்ததும் பெற்றோரின் உடற்கூறுகளை ஒன்றுசேர்த்து, விறகடுக்கித் தீமூட்டி, கைகூப்பி மும்முறை வலம் வந்தான். பின்னர்க் காட்டுக்குள் சென்று வேண்டுமட்டும் அழுதான். இதனையெல்லாம் சுத்தம் விடாமற் சொல்கிறது. துயரத்தை விழுங்கிக்கொள் என்று அது சொல்லவில்லை. இறந்தவர்க்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய், அழ வேண்டியவரை அழு, மற்றவை பிறகு.

அதன்பின் அவன் அரண்மனை யானைக் கொட்டிலில் மாணாக்கனாகச் சேர்ந்தான். விடியற்காலையில் அவன் யாழிசைத்துப் பாடுவதைக் கேட்ட பிரமதத்தன், யாரென்று அறியாமலேயே அவனை விரும்பித் தன் அணுக்கத் தொண்டனாக்கிக்கொண்டான். ஒருநாள் வேட்டைக்குச் சென்றார்கள். தேரை ஓட்டியவன் தீகாவு. படை ஒரு பக்கம் செல்ல, அரசனின் தேர் மறுபக்கம் செல்லுமாறு ஓட்டிவிட்டான். களைத்துப்போன அரசன் அவன் மடிமீது தலைவைத்து உறங்கினான். நாட்டைப் பறித்தவன், தாய் தந்தையரைத் துண்டாடியவன், காட்டின் நடுவில், துணையின்றி, மடிமீது!

தீகாவு வாளை உருவினான். தந்தை சொல் நினைவுக்கு வந்தது, உறையிலிட்டான். மீண்டும் உருவினான், மீண்டும் உறையிலிட்டான். மூன்றாம் முறையும் அவ்வாறே. அரசன் திடுக்கிட்டு எழுந்து, தீகீதியின் மகன் தன்னை வெட்டுவதாகக் கனாக் கண்டேன் என்றான். அப்போது தீகாவு இடக்கையால் அரசனின் தலையைப் பற்றி, வலக்கையில் வாளை ஏந்தி, அந்த மகன் நானே என்று அறிவித்தான். நீ எமக்குச் செய்த கேடு பெரிது, கணக்குத் தீர்க்கும் வேளை இது என்றான். அரசன் காலில் வீழ்ந்து உயிர்ப்பிச்சை வேண்டினான். தீகாவு, உமக்கு உயிர் கொடுக்க யான் யார், நீரன்றோ எனக்கு உயிர் தரவேண்டும் என்றான். ஒருவர்க்கொருவர் உயிர் கொடுத்து, கைபற்றிச் சூளுரைத்தனர்.

தந்தை சொன்னதன் பொருளைப் பிரமதத்தன் கேட்டபோது தீகாவு விளக்கினான். நெடியதைப் பாராதே என்றால் பகையை நீள விடாதே. குறியதைப் பாராதே என்றால் நட்பை விரைந்து முறிக்காதே. நான் உம்மைக் கொன்றிருந்தால் உம்மவர் என்னைக் கொல்வர், என்னவர் அவரைக் கொல்வர். இதற்கு முடிவெங்கே என்றான். பிரமதத்தன் கோசல நாட்டையும் படையையும் களஞ்சியத்தையும் திருப்பிக் கொடுத்து, தன் மகளையும் மணம் செய்வித்தான்.

அன்பர்களே, இந்தக் கதையைப் பலர் பாதியாகச் சொல்வார்கள். வாளை உறையிலிட்டான் என்பதோடு நிறுத்தி, மன்னித்தல் பெருமை என்று கூறி அமர்ந்துவிடுவார்கள். அது போதாது. தீகாவு வாளை உருவியதைச் சுத்தம் மறைக்கவில்லை, ஒருமுறையன்று, மும்முறை. சினம் எழுந்தது, எழுந்ததை அவன் அறிந்தான், அறிந்து அடக்கினான். உறங்குகின்றவனை அப்படியே விட்டுவிட்டு ஓசைப்படாமல் எழுந்து போகவும் இல்லை. தன் பெயரைச் சொன்னான். நடந்த கொடுமையை அவன் முகத்திற்கு எதிரே எடுத்துரைத்தான். கொடுமை செய்தவன் அதனை மறுக்க முடியாத நிலையில் நின்றான். அதன்பிறகே உயிர் தந்தான். கடைசியில் பறிபோன நாடு திரும்ப வந்தது. நாடு பிரமதத்தனிடமே இருக்கட்டும், எனக்கு மன அமைதி போதும் என்று தீகாவு சொன்னதாக எங்கும் இல்லை.

ஆதலின் அந்த இளைஞர்க்கு நாம் சொன்ன விடை இது. சாட்சியும் மெய், மைத்திரியும் மெய். நடந்ததை நடந்தவாறு கூறுதல் நான்காம் சீலமாகிய வாய்மைக்கு உட்பட்டது. அடித்தவன் தண்டிக்கப்பட வேண்டும் என்று சட்டத்தின்முன் நிற்பது, அவன் நாளை இன்னொருவருடைய தந்தையை அடிக்காமல் காப்பது. அது அவனுக்கும் நன்மையே. ஆனால் அவன் வீடு எரிய வேண்டும், அவன் பிள்ளைகள் தெருவில் நிற்க வேண்டும் என்று உள்ளத்தில் வேண்டிக்கொண்டால், அந்த வேண்டுதல் நீதிமன்றத்தில் ஒரு பலனும் தராது. உறக்கத்தை மட்டும் கெடுக்கும். சினம் கொண்டவனைப் பற்றிப் பகவான் அங்குத்தர நிகாயத்தில் விளக்கியிருக்கிறார். ஒருவனுடைய பகைவன் அவனுக்கு என்னென்ன வரவேண்டும் என்று விரும்புவான்? இவன் முகப்பொலிவு கெடவேண்டும், உறக்கம் கெடவேண்டும், ஆதாயம் கெடவேண்டும், நண்பர்கள் விலகவேண்டும் என்றெல்லாம் விரும்புவான். சினங்கொண்டவன் இவற்றை எல்லாம் பகைவனுக்குச் செலவின்றித் தானே தேடிக்கொள்கிறான்.

தீகாவு கதையைப் பகவான் யாரிடம் சொன்னார் என்பதையும் கவனிக்க வேண்டும். அரசர்களிடமோ போர்வீரர்களிடமோ சொல்லவில்லை. கோசாம்பி நகரில் இரு கட்சியாகப் பிரிந்து சண்டையிட்ட பிக்குகளிடம் சொன்னார். அந்தச் சண்டை கழிப்பிடத்துப் பாத்திரத்தில் ஒருவர் மிச்ச நீரை விட்டுவிட்டு வந்ததிலிருந்து தோன்றியதென்று உரையாசிரியர்கள் கூறுகின்றனர். ஒரு குவளை நீர்! கதையைக் கேட்டும் அவர்கள் அடங்கவில்லை. பகவான் எவரிடமும் சொல்லாமல் தம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தனியே காட்டுக்குச் சென்றுவிட்டார். ஊர் மக்கள் சினந்து அந்தப் பிக்குகளுக்கு வணக்கமும் உணவும் நிறுத்திய பின்னரே அவர்கள் சமாதானம் ஆனார்கள்.

இதனை இங்கே ஏன் சொல்கிறோம் என்று நம் சங்கங்களின் செயலாளர்களும் பொருளாளர்களும் அறிவார்கள். ஊரார் பகையைப் பொறுக்கின்ற நாம், நாற்காலி யார் பக்கம் போடப்பட்டது, அழைப்பிதழில் யார் பெயர் மேலே வந்தது என்பதில் பொறுப்பதில்லை. நெடுந்தொலைவில் உள்ள பகைவனிடம் மைத்திரி செலுத்துவதற்குமுன், அடுத்த வரிசையில் அமர்ந்திருப்பவரிடம் பேசிப் பழகலாம். இது சிறிய செய்தி; ஆகவே இதனை இதற்குமேல் நீட்டவில்லை.

தமிழிலே நமக்கு மணிமேகலைக் காப்பியம் இருக்கிறது. உதயகுமரன் வெட்டுண்டு இறந்தபின், மகனை இழந்த சோழன் தேவி மணிமேகலையைத் தன் பொறுப்பில் வாங்கி, பித்தேற மருந்து கொடுத்தாள். கற்பழிக்க ஒரு முரடனுக்குப் பொருள் கொடுத்து ஏவினாள். நோயுற்றாள் என்று பொய் சொல்லிப் புழுக்கறையில் அடைத்தாள். ஒன்றும் பலிக்காமல் அஞ்சி நின்ற அரசியிடம் மணிமேகலை என்ன பேசினாள்? பழிசொல்லித் தூற்றவில்லை. அழுது நிற்பவள் மகனை இழந்த தாய் என்பதை முதலிற் கண்டாள். நீ அழுவது மகனின் உடலுக்கா, உயிருக்கா என்று வினவி, உடலை நீயே சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டாய், உயிரோ எங்கே புக்கதென்று தெரியாது, அவ்வுயிர்க்கு அன்பு செய்வாயாயின் எவ்வுயிர்க்கும் இரங்கு என்னும் கருத்துப்பட அறிவுறுத்தினாள். இங்கும் ஒன்றைப் பாருங்கள். அரசி செய்தவற்றை மணிமேகலை மூடி மறைக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லியே பேசினாள். பகைவரின் துயரத்தைப் பார்க்கக் கண் வேண்டும். அதற்காக, அவர் செய்ததைப் பார்க்கும் கண்ணைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

நம் காலத்திற்கு வருவோம். 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் மகாராஷ்டிரத்து மகாட் நகரில், நகராட்சி ஏற்கனவே அனைவர்க்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் செய்திருந்த சவுதார் குளத்திற்கு அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் அணியாகச் சென்று நீர் பருகினர். அதன்பின், இவர்கள் கோவிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று பொய்வதந்தி பரப்பப்பட்டது. தடிகளோடு வந்தவர்கள் பந்தலில் உணவருந்திக்கொண்டிருந்தவர்களையும், ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களையும் தாக்கினர். உணவு மண்ணில் கொட்டப்பட்டது. பலர் காயமுற்றனர். திருப்பியடிக்க ஆள் இல்லாமல் இல்லை. படையிற் பணிபுரிந்தவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர். ஒரு சொல்லுக்குக் காத்திருந்தனர். அண்ணல் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அடங்கியிருக்கச் செய்தார். ஆனால் அதனோடு வீட்டுக்குச் சென்று உறங்கவும் இல்லை. தாக்கியவர்கள்மேல் வழக்கு நடந்தது. சிலர் சிறைத்தண்டனையும் பெற்றனர். குளத்தின் உரிமை பற்றிய வழக்கு பத்து ஆண்டுகள் நீடித்து, 1937ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிந்தது. பத்து ஆண்டுகள்! தடியெடுத்து அடிப்பதற்குப் பத்து நிமிடம் போதும். அதே மனிதர் நாகபுரியில் அளித்த 22 உறுதிமொழிகளில் அனைத்துயிரிடத்தும் கருணை கொள்வதையும் ஒன்றாக வைத்தார். குளத்தை வழக்காடி வென்றவர் சொன்ன கருணை அது. ஆகையால் அதனைக் கோழையின் கருணை என்று எவரும் சொல்ல இயலாது.

இனி, சொல்வதற்கு நா எழாத ஒன்றையும் சொல்லவேண்டும். 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் மகாராஷ்டிரத்துப் பண்டாரா மாவட்டம் கயர்லாஞ்சி சிற்றூரில், நம்மைப் போன்ற பௌத்தக் குடும்பம் ஒன்றில் தாயும் மகளும் இரு மகன்களும் ஊர்க்கூட்டத்தாரால் கொல்லப்பட்டனர். குடும்பத் தலைவர் பையாலால் போத்மாங்கே ஒருவரே எஞ்சினார். 2008ஆம் ஆண்டில் விசாரணை நீதிமன்றம் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2010ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் அதனை 25 ஆண்டுச் சிறையாகக் குறைத்தது. நீதி முழுமையாகக் கிடைக்கவில்லை என்ற ஏக்கத்தோடே அவர் 2017ஆம் ஆண்டு ஜனவரியில் மறைந்தார். அத்தகைய ஒருவரிடம் சென்று, பகைவரை நேசியுங்கள் என்று நாம் சொல்லலாமா?

சொல்லக் கூடாது என்பதே நம் கருத்து. மைத்திரி என்பது ஒருவர் தம் உள்ளத்தில் தாமே பயிரிடுவது. வரியைப் போல அதனைப் பிறரிடம் வசூலிக்க முடியாது. புண்பட்டவரிடம் அவர் கேளாமலே மன்னிப்பைப் பற்றிப் பேசுவோர், பெரும்பாலும் அடித்தவனுக்கே துணைபோகிறார்கள். தீகாவுவுக்கு அந்த அறிவுரையைச் சொன்னவர் யார்? வழிப்போக்கர் அல்லர், அரசவைப் புலவர் அல்லர். கயிற்றால் பிணிக்கப்பட்டு வெட்டுக்களத்திற்குச் சென்றுகொண்டிருந்த தந்தை. அவருக்கு அதனைச் சொல்லும் உரிமை இருந்தது. புண்பட்டவரருகில் அமர்ந்து, வழக்குச் செலவுக்கு உதவி, சாட்சிகளை அழைத்துச் சென்று, வீட்டில் உலை கொதிக்கச் செய்வதே நாம் அவர்க்குச் செலுத்தும் மைத்திரி. பகைவர்க்கு மைத்திரி செலுத்துவதும் செலுத்தாததும் அவர் வேலை.

நாம் பல ஆண்டுகள் நூலாலையில் உழைத்தவர்கள். அங்கே கண்ட ஒன்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். எங்கள் பிரிவின் மேஸ்திரி குடிநீர்ப் பானையருகே நம்மவர்க்கென்று தனியாக ஒரு குவளை வைத்திருந்தார். வெளியில் யார் கேட்டாலும் அப்படி ஒன்றும் இல்லை என்பார். எங்களோடு வேலை செய்த மூத்த தோழர் ஒருவர் சங்கத்தின் வழியாக நிர்வாகத்திற்கு எழுத்து மூலம் முறையிட்டார். முறையீடு போய்ச் சேர்ந்த அதே வாரத்தில் இரவு ஷிப்டில் மேஸ்திரியின் கை எந்திரத்தின் பட்டையில் சிக்கிக்கொண்டது. ஓடிச்சென்று எந்திரத்தை நிறுத்தியவர் முறையிட்ட அந்தத் தோழர்தாம். தம் துண்டைக் கிழித்துக் கட்டி, மருத்துவமனைக்குக் கூடவே சென்று, விடியும்வரை வெளியில் அமர்ந்திருந்தார். மேஸ்திரி மனம் மாறிவிட்டார் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நன்றி என்ற சொல்லும் வரவில்லை. தோழரும் முறையீட்டைத் திரும்பப் பெறவில்லை. விசாரணை நடந்து, இரண்டு மாதம் கழித்து அந்தக் குவளை அகற்றப்பட்டது. விடியும்வரை ஏன் அமர்ந்திருந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டோம். “அவன் கைக்கும் குவளைக்கும் என்ன சம்பந்தம்?” என்றார். அவர் எழுத்தறிவு குறைந்தவர். சுத்தங்களைக் கேட்டறியாதவர்.

இனி, பயிலும் முறையைப் பற்றிச் சிறிது கூறுவோம். 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆசாரியர் புத்தகோசர் விசுத்திமக்கம் என்னும் நூலில் இதனை மிக விரிவாக வகுத்திருக்கிறார். அவர் நம் காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர் என்பது நமக்குப் பெருமை. அவர் முறையில் எடுத்தவுடன் பகைவனை நினைக்கக் கூடாது. அவ்வாறு செய்தால் உள்ளம் களைத்துவிடும். முதலில் தனக்கே நலம் வேண்டவேண்டும். தன்னை இழிவாக எண்ணப் பழக்கப்பட்ட நம் மக்களுக்கு இந்த முதற்படியே பல நாள் பயிற்சி. இதனைத் தாண்டி ஓடாதீர்கள். தன்னைத் தாழ்வாக நினைப்பவன் பகைவனுக்குச் செலுத்துவது மைத்திரி ஆகாது; அது அச்சம். தனக்குப் பின் போற்றுதற்குரிய ஒருவர், பிறகு அன்புக்குரியவர், பிறகு நட்பும் பகையும் இல்லாத ஒருவர், நாள்தோறும் பேருந்தில் காணும் நடத்துநர் போன்றவர். இவர்களிடம் உள்ளம் தங்குதடையின்றிச் சென்ற பின்னரே பகைவன்.

பகைவனை நினைத்ததும் சினம் எழும். எழுந்தால் குற்றமில்லை, முந்தைய படிக்குத் திரும்பி வந்து மீண்டும் தொடங்கலாம். நூலாலையில் இழை அறுந்தால் நாம் இழையைத் திட்டுவதில்லை. கதிரைத் தூக்கி, நுனியைத் தேடி எடுத்து, மறுபடி பிணைக்கிறோம். ஒரு ஷிப்டில் எத்தனை முறை அறுந்தாலும் அதே வேலைதான். அப்படியும் அடங்காவிட்டால் அவனிடம் உள்ள ஏதேனும் ஒரு நல்ல குணத்தைத் தேடச் சொல்கிறார் ஆசாரியர். ஒன்றுமே கிடைக்கவில்லையா? இவன் செய்த வினையின் பயனை இவனே தாங்கவேண்டுமே என்று இரங்கச் சொல்கிறார். அதுவும் இயலாவிட்டால், நீ எதன்மேல் சினம் கொள்கிறாய், அவன் தலைமயிர் மீதா, நகத்தின் மீதா, எலும்பின் மீதா என்று கூறு கூறாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார். முதன்முறை படித்தபோது இது விளையாட்டாகத் தோன்றும். உறக்கம் வராத ஓர் இரவில் செய்துபார்த்தால் அதன் வலிமை விளங்கும்.

இவை யாவும் பலிக்காதவர்க்கு அவர் வைத்திருக்கும் கடைசி மருந்து வியப்பானது. பகைவனுக்கு ஏதாவது கொடு என்கிறார். இலங்கையின் சித்தலபர்வத விகாரையில், மூத்த தேரர் ஒருவர் பிச்சையேற்று உண்ணும் ஒரு பிக்குவை மூன்று முறை அவருடைய இருப்பிடத்திலிருந்து எழுப்பி வெளியேற்றினாராம். அந்தப் பிக்கு, தம் தாய் வாங்கித் தந்த, எட்டுக் கஹாபணம் விலையுள்ள பிச்சைப் பாத்திரத்தைக் கொண்டுவந்து, நேரிய வழியில் வந்த பொருள் இது என்று சொல்லி அந்தத் தேரருக்கே கொடுத்தார். கொடுப்பவர் உள்ளத்திலும் வாங்குபவர் உள்ளத்திலும் கிடந்த சினம் அப்போதே தணியும் என்பது ஆசாரியர் துணிபு.

அன்பர்களே, நம்மிடம் எட்டுக் கஹாபணப் பாத்திரம் இல்லை. வழக்குத் தேதியன்று நீதிமன்றத்து எதிரிலுள்ள தேநீர்க் கடையில் எதிர்க்கட்சிக்காரரும் நிற்பார். வெயிலில் அவரும் நின்று களைத்திருப்பார். நமக்கு ஒன்று சொல்லும்போது அவர்க்கும் ஒரு தேநீர் சொல்லலாம். அவர் கைநீட்டி வாங்காமற் போகலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அவர் பக்கத்து மேசைமேல் குவளையை வைத்துவிட்டு, பெயர் அழைக்கப்பட்டதும் வழக்குக் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே செல்லுங்கள். நடந்ததை நடந்தவாறே சொல்லுங்கள்.